அரை அங்குலம் இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலென்றும் பாராமல் இந்த அவையைக் கூட்டியிருக்கும் பென்ட்ரெவன் தொழிலாளர் மன்றத்தின் தலைவர், அம்மையார் எலுனெட் பெவன் அவர்களே! நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் இந்த மன்றத்தின் கதவை மூடவிடாமல் காத்த பெரியவர்களே! காலையிலிருந்து அடுப்படியில் நின்று தட்டுத் தட்டாகக் கேக் சுட்டுக் குவித்திருக்கும் தாய்மார்களே! ரக்பி ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கும் இளைஞர்களே! முன்வரிசையில் அமர்ந்து, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய பாராட்டு விழாவின் நாயகர், என் நண்பர் எம்ரிஸ் ப்ரொத்தெரோ அவர்களே! உங்கள் அனைவருக்கும், நேற்றுவரை ஸ்நூக்கர் நடுவராயிருந்து இன்று வெறும் டெரெக் ப்ராபர்ட்டாக நிற்கும் இந்த எளியவனின் வணக்கம்.

மேடையேறும்போதே தலைவர் என் காதில் ஓதிவிட்டார்: "அஞ்சு மணிக்கு பிங்கோ ஆட்டம் இருக்கு, டெரெக். எம்ரிஸ் ஆடுற மாதிரி பேசிக்கிட்டு நிக்காத!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! முப்பத்தாறு ஆண்டுகள் ஸ்நூக்கர் மேசையைச் சுற்றி வந்த மனிதர், ஒருநாளாவது அவசரப்பட்டதுண்டா? மேசையை ஒருமுறை சுற்றுவார். சுற்றியது போதாதென்று மறுபடி சுற்றுவார். குனிவார், நிமிர்வார், கோலின் முனையில் நீலச் சாக்கட்டியைத் தேய்ப்பார், தேய்த்ததை மறந்தவர்போல மீண்டும் தேய்ப்பார். ஷெஃபீல்டில் ஒருமுறை அவர் ஓர் அடி அடிப்பதற்குள், மூன்றாம் வரிசையில் ஓர் அம்மையார் கம்பளிக் காலுறையின் குதிகாலைப் பின்னி முடித்துவிட்டார். நடுவராக நின்ற நான் கண்ணால் கண்ட சாட்சி!

இன்னொரு முறை, மின்னலடிக்கும் வேகத்தில் ஆடுகிற ஓர் இளம் ஆட்டக்காரர் பொறுமையிழந்து கேட்டார்: "என்னங்க, நான் வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா?"

பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் எம்ரிஸ் சொன்னார்: "போய்ட்டு வாங்க. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

பால் வாங்கப் போகாத அந்த இளைஞர் அன்று பத்துக்கு மூன்று என்று தோற்றார். ஏன் தோற்றார்? எம்ரிஸ் பந்துகளைக் குழியில் தள்ளித் தள்ளி வென்றாரா? இல்லை. எதிராளிக்கு எதுவுமே கிடைக்காத இடத்தில், கோலால் அடிக்கிற அந்த வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தி நிறுத்தி வென்றார். அடிப்பவர் ஆயிரம் பேர் உண்டு. அடித்தபின் வெள்ளை எங்கே ஓடும், எங்கே உரசும், எங்கே ஓயும் என்று அறிந்தவர் எத்தனை பேர்? அது பச்சைத் துணியில் உருண்டு, மூன்று விளிம்புகளில் மோதி, பழுப்புப் பந்தின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும். பார்க்கும்போதே எனக்கு மெய் சிலிர்க்கும். நடுவர் சிலிர்க்கக் கூடாது என்பதால் வெள்ளைக் கையுறைக்குள் விரலை மடக்கிக்கொள்வேன்.

ஆனால் அன்பர்களே, இந்த ஊர் அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லும். பதினோரு ஆண்டுகளாகச் சொல்கிறது. என்ன அது? "ஆளு கெட்டிக்காரன்தான், ஆனா முக்கியமான நேரத்துல கை நடுங்கிடும்." கதவோரம் நிற்கும் க்ளெட்வின், நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். அந்தப் பேச்சு நடந்த மேசையில், மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் பீர் குடித்தவன் நான்.

எது அந்த முக்கியமான நேரம்? ஆண்டின் கடைசித் தகுதிப் போட்டி. வென்றால் தொழில்முறைப் பட்டியலில் இடம் நிற்கும். தோற்றால் நாற்பத்தேழு வயதில் வீதிக்கு வர வேண்டும். எதிராளி டான்காஸ்டர் நகரத்து கிரெய்க் ஹாலம். நடுவர், இதோ, நான். தொலைக்காட்சிப் படக்கருவி கிடையாது. பார்வையாளர் ஐந்தாறு பேர். ஒன்பதுக்கு ஒன்பது சமம். கடைசி ஆட்டம், கடைசிச் சிவப்பு, எம்ரிஸ் இருபத்திரண்டு புள்ளிகள் முன்னால்.

"டேய் டெரெக், போதும். கீழ இறங்கு." கேட்டதா? எம்ரிஸ்தான் சொல்கிறார். முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் அவசரப்பட்டு நான் கண்டது இதுதான் முதல்முறை! இறங்க மாட்டேன் ஐயா. இன்று நான் இறங்க மாட்டேன்.

ஹாலம் வெள்ளையைப் பழுப்புக்குப் பின்னால் ஒளித்தார். வெள்ளை முதலில் சிவப்பைத் தொட்டே ஆக வேண்டும். எம்ரிஸ் விளிம்பில் மோதவிட்டுத் தொட முயன்றார், தொடவில்லை. நான்கு புள்ளிகள் எதிராளிக்கு. தவறியவரையே அதே அடியை மறுபடி அடிக்க வைக்கலாம் என்ற விதிப்படி ஹாலம், "திருப்பி வைங்க" என்றார். பந்துகளைப் பழைய இடத்தில் எடுத்து வைப்பது நடுவரின் வேலை. வைத்தேன். ஹாலமைக் கேட்டேன், நாற்காலியிலிருந்து தலையசைத்தார். அவர்மேல் குற்றமில்லை, அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் பிழை தெரியாது. எம்ரிஸ் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? பழுப்பின் ஓரமாகச் சிவப்பின் ஒரு கீற்று. நேராக அடித்தால் தொட்டுவிடலாம். பேசாமல் அடித்திருந்தால், அந்த அறையில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் நிமிர்ந்து சொன்னார்: "டெரெக், தப்பா வச்சிருக்க. இன்னும் அரை அங்குலம் இடப்பக்கம்."

"நிச்சயமா, எம்ரிஸ்?"

"நிச்சயமாத்தான். எனக்குச் சிவப்பு தெரியுது. முன்னாடி தெரியல."

தாய்மார்களே, தன் கழுத்துக்குச் சுருக்கை இறுக்கச் சொல்லித் தருகிற மனிதரை எங்கேனும் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அவர் சொன்ன இடத்துக்குப் பந்தை நகர்த்தினேன்; கீற்று மறைந்தது. அடித்தார், தவறியது. மறுபடி வைத்தேன், தவறியது. மறுபடியும்! முதல் தவறோடு சேர்த்து நான்கு. பதினாறு புள்ளிகள் போயின. ஐந்தாவது முறை சிவப்பைத் தொட்டார். தொட்ட சிவப்பு உருண்டு குழியின் வாயில் போய் நின்றது. ஹாலம் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி வென்றார். எம்ரிஸ் அவர் கையைக் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கை நடுங்கவில்லை. நடுங்கியது என் கை.

வண்டி நிறுத்துமிடத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "எம்ரிஸ், நான் இத எழுதிக் குடுத்துடறேன். ஊர்லயும் சொல்லிடறேன்."

"என்னன்னு? கடைசி ஆட்டத்துல பந்த தப்பா வச்சேன்னா? அடுத்த வாரந்தானே உன்னைப் பெரிய போட்டிக்கு எடுக்கலாமான்னு பாக்க வர்றாங்க?"

"அதுக்காக உன் பேரு..."

"என் பேர நான் பாத்துக்கறேன். பந்து இருந்த எடத்தச் சொன்னேன், அவ்ளோதான். யார்கிட்டயும் மூச்சு விடாத. போ."

போனேன். மூச்சு விடவில்லை. பெரிய போட்டிக்குத் தேர்வானேன். பத்து ஆண்டுகள் பளபளக்கும் அரங்குகளில் வெள்ளைக் கையுறை மாட்டினேன். என் பெயர் வெளுப்பாக இருக்க அவர் பெயர் கறுத்தது! இரண்டே ஆண்டில், நாற்பத்தொன்பது வயதில், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தகுதிச் சுற்றில் ஆடித் தன் இடத்தை மீட்டார். அதையும் இந்த ஊர் "அதிர்ஷ்டம்" என்றது. நெஸ்டா அம்மா, கணவரைப் பற்றிய அந்தப் பேச்சுக்காகத்தானே இந்த மன்றத்தின் படியை மிதிப்பதை நிறுத்தினீர்கள்? அவர் உங்களிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை என்று போன வாரம்தான் அறிந்தேன். அதனால்தான் இன்று மேடையேறினேன்.

இப்போது சொல்வது துணிச்சலா? இல்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், இழக்க ஒன்றுமில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆயினும் நடுவனாகப் பிறந்தவன் ஒரு தீர்ப்பாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? கேளுங்கள்! அந்த ஆட்டத்தின் தவறு நடுவருடையது! நடுங்காத கை எம்ரிஸ் ப்ரொத்தெரோவுடையது!

வேண்டாம், கை தட்டாதீர்கள். எதிராளியின் அருமையான அடியைக் கண்டால் ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? மேசை விளிம்பை விரல் முட்டியால் தட்டுவார்கள். பதினோரு ஆண்டு தாமதமாக இன்று நாம் தட்டுவோம். மேசை இருப்பவர் மேசையில், இல்லாதவர் சுவரில்! க்ளெட்வின், நீங்கள் தொடங்குங்கள்... இன்னும் பலமாக... கேட்கிறதா எம்ரிஸ்? உங்கள் ஊர் தட்டுகிறது. நெஸ்டா அம்மாவும் தட்டுகிறார்.

பொறுங்கள், பொறுங்கள். அவர் எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார், அமைதி!

"அரை அங்குலம் இல்ல, டெரெக். அன்னிக்கு வாய்க்கு வந்தது சொல்லிட்டேன். கால் அங்குலந்தான் இருக்கும்."

கேட்டீர்களா? இன்றைக்கும் அவருக்குச் சாதகமாக அரை அங்குலம் வைத்திருந்தேன், இன்றைக்கும் திருத்திவிட்டார். நடுவர் ஒப்புக்கொள்கிறார் ஐயா. கால் அங்குலம்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கேக் தந்த தாய்மார்க்கும், பிங்கோவைப் பத்து நிமிடம் தள்ளி வைத்த தலைவர்க்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, என் நண்பரின் கைகளுக்கு வணக்கம் சொல்லி அமர்கிறேன்.