பத்தொன்பதாம் பிரிவைச் சோதித்த விதம்

லிஃப்ற் திருத்துகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பாகம் வேலை செய்யுமோ என்று சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்த்துவிடலாம். பெட்டி அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் கீழே போனால், பக்கத்துத் தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்த எல்லா லிஃப்றிலும் ஒரு பிடி இருக்கிறது. பெட்டிக்குள் இரும்புக் கட்டிகளை ஏற்றி, வேகமாக இறக்கி, அது பிடிக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் ஒரு சங்கத்தின் யாப்பில், அதன் சட்டப் புத்தகத்தில், எழுதிய பிரிவை எப்படிச் சோதிப்பது? 1987இல் நாலு மாதம் யோசித்தும் இந்தச் சின்னப் பிரச்சினைக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

மொன்றியல் சங்கத்தின் செயலாளராகிய நீங்கள், கிறிஸ்துநாயகம் அவர்களே, எங்கள் பத்தொன்பதாம் பிரிவை உங்கள் யாப்பிலும் சேர்க்கப் போவதாகவும், அது உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலை செய்கிறது. எப்படி என்று விளக்குவதில் எனக்கு மகிழ்ச்சி.

எங்கள் பேரவைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்கள், ஒரு கொடி, ஒரு தட்டச்சு இயந்திரம். ரொறன்ரோவில் பார்லிமென்ற் வீதிக்குப் பக்கத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அடுத்த அறையில் கூடுகிறோம். வெறுமனே தலைவர் என்றால் ஊர்ச் சங்கம் மாதிரி இருக்கும் என்று, யாப்பில் 'தேசத் தலைவர்' என்று போட்டோம். தேசம் இன்னும் கைக்கு வரவில்லை. தலைவராவது ஆயத்தமாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, யார் எந்த முகாமில், யார் உயிரோடு என்று ரெலிபோனில் விசாரித்து எழுத ஒரு தகவல் குழு வைத்தோம். நல்ல குழு. முகாம்களை மூடிய பின்னும் குழுவை மூடவில்லை. புலனாய்வுக் குழு என்று பெயரை மாற்றினோம். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யார் யாரோடு கோப்பி குடிக்கிறார் என்று எழுதி வைத்தோம். பொறுப்பாளர் நான்.

இப்படி ஒரு குழு இருந்தால் அதைத் தலைவர் பிழையாகப் பாவிக்கலாம் அல்லவா? அதற்காகவே பத்தொன்பதாம் பிரிவை எழுதினேன். உறுதிப்படாத தகவல் என்று தெரிந்துகொண்டே தேசத் தலைவர் அதை ஓர் அங்கத்தவருக்கு எதிராகப் பயன்படுத்தி, அதனால் அந்த அங்கத்தவருக்குத் தீங்கு வந்தால், குற்றப்பிரேரணை கொண்டுவந்து மூன்றில் இரண்டு வாக்கால் அவரை விலக்கலாம். மூன்று பற்சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: தகவல் உறுதிப்படாதது, தலைவருக்கு அது தெரியும், அங்கத்தவருக்குத் தீங்கு. மூன்றும் ஒன்றையொன்று கவ்வினால்தான் சுற்றும்.

அந்தக் கோடை, அமெரிக்காவில் அரசின் இரகசிய வேலைகளைப் பற்றி ஒரு பெரிய விசாரணை ரீவியில் போனது. எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரத்துச் சனலில் ஒரு நாள் விடாமல் பார்த்தேன். எத்தனை சாட்சிகள், எத்தனை கோப்புகள். கடைசியில் ஜனாதிபதிக்கு எதிராகக் குற்றப்பிரேரணை வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்த இயந்திரத்தை ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு மனவருத்தமாக இருந்தது.

எங்கள் தேசத் தலைவர் அமிர்தநாதர், ஊரில் போஸ்ற்மாஸ்ரராக இருந்தவர். புதிதாக வருகிறவர்களுக்குக் குளிர் அங்கிகள் சேர்த்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விடுவார். நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான்.

"அண்ணை, ஒத்திகைக்கு ஒருக்கா உங்களை நீக்கிப் பாப்பமோ?" என்று கேட்டேன்.

"என்னை நீக்கினா உந்தக் கதிரையளை ஆர் அடுக்கிறது?" என்றார். "தியாகலிங்கம், ஆக்கள் நிக்கேக்கையோ நீர் லிஃப்றை விழுத்திப் பாக்கிறனீர்?"

"இல்லை அண்ணை. இரும்புக் கட்டிதான் ஏத்துவம்."

"அப்ப அந்தக் கட்டியளைக் கொண்டுவந்து நீக்கும்."

ஒத்திகை சரிவராது என்று எனக்கும் விளங்கியது. சிரித்துக்கொண்டு போடுகிற வாக்கு எதையும் நிரூபிக்காது.

ஆவணியில் நாற்பத்தோராம் இலக்க அறிக்கை தயாரானது. மாமாங்கம் என்ற அங்கத்தவர், மிசிசாகாவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், ஊரில் உள்ள எங்கள் குடும்பங்களின் பெயர்களை ஒட்டாவாவில் இலங்கைத் தூதரகத்து ஆள் ஒருவருக்குக் கொடுக்கிறார் என்பது அதன் சாரம். அடியில் 'உறுதிப்படவில்லை' என்று இருந்தது. அமிர்தநாதருக்குக் கண்பார்வை குறைவு. அதனால் அந்தக் கடைசி வரியையும் சேர்த்து உரக்க வாசித்து, கேட்டதற்கு அத்தாட்சியாக அவருடைய ஒப்பம் வாங்கினேன். இரண்டாவது சக்கரம் இந்த ஒப்பத்தில்தான் நிற்கிறது. நீங்களும் மறக்கக்கூடாது.

"உறுதிப்படேல்லை எண்டா பொறுப்பம்," என்றார். மூன்று கிழமை பொறுத்தார்.

அவருடைய மகள் கிளடிஸ் அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நாற்பத்திரண்டாம் அறிக்கையில், கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பெயர்களுக்குள் கிளடிஸின் பெயரும் இருந்தது. அதற்கும் ஒப்பம் வாங்கினேன். எழுத்து கோட்டை விட்டு வெளியே போய்விட்டது, ஆனால் செல்லும்.

புரட்டாதிப் பொதுக்கூட்டத்தில் இரண்டு அறிக்கைகளையும் அவர் சபைக்கு வாசிப்பித்தார். அகதி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு 'இவர் எங்களவர்' என்று பேரவை கொடுக்கும் கடிதம் மாமாங்கத்துக்கு இல்லை என்றும் அறிவித்தார். அந்தக் கடிதத்தை நம்பித்தான் மாமாங்கம், மட்டக்களப்பில் இருந்த மனைவி கோணேஸ்வரியைக் கனடாவுக்குக் கூப்பிடலாம் என்று இருந்தார்.

மாமாங்கம் எழும்பினார். "ஐயா, ஒட்டாவா எந்தப் பக்கம் எண்டே எனக்குத் தெரியா. மறுகா நான் ஆரிட்டப் பேர் குடுக்கிற?"

"தெரியாதாம். பஸ் ரிக்கற் எடுத்துக் குடுங்கோவன்," என்றது பின்வரிசை. எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் அவருடைய சூட்கேஸை, கூட இருந்த அறைக்காரர்கள் லிஃப்ற் வாசலில் வைத்துவிட்டார்கள். இதைச் சபை தீங்கு என்று ஏற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அறை மாறாதவர் ரொறன்ரோவில் யார் இருக்கிறார்?

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வாசித்தவை எல்லாம் அடங்கிய கூட்ட அறிக்கையைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுப்போம். அவரவர் அதை ஊர்க் கடிதத்தோடு வைத்து அனுப்புவார்கள். பேரவை நடக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்கு. கார்த்திகையில் கோணேஸ்வரியின் கடிதம் வந்தது. மாமாங்கத்தைக் கேட்டு இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர் கனடாவில் என்றதும், கோணேஸ்வரியின் தம்பி குஞ்சித்தம்பியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மறுநாள் சந்தியில் விளக்குக் கம்பத்தோடு கட்டியபடி செத்துக் கிடந்தானாம், கழுத்தில் ஒரு அட்டையோடு. அட்டையில் எழுதியிருந்ததைக் கோணேஸ்வரி பார்த்து எழுதியிருந்தார். நாற்பத்தோராம் அறிக்கையின் இரண்டாவது வசனம். ஒரு சொல்கூட மாறவில்லை. கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது சக்கரம் பற்றி இனிச் சந்தேகம் இல்லை.

மார்கழியில் குற்றப்பிரேரணையைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு நிபந்தனையையும் கரும்பலகையில் எழுதி, ஒப்பங்களைக் காட்டி, ஒன்றரை மணித்தியாலம் விளக்கினேன். அமிர்தநாதர் எதிர்த்துப் பேசவில்லை. "வாசிப்பிச்சது நான்தான். உறுதிப்படேல்லை எண்டு தெரியும்," என்று மட்டும் சொன்னார். நூற்று நாற்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று. கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறொருவரும் முன்வராத பட்சத்தில், பிரேரணையைக் கொண்டுவந்தவரே தற்காலிகமாகத் தேசத் தலைவராக இருப்பார் என்பது இருபதாம் பிரிவு. ஒருவரும் முன்வரவில்லை.

மாமாங்கம் என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒராள்தான் ஐயா எனக்காகக் கதைச்ச." பிறகு கேட்டார்: "அந்த அறிக்கைய முதல்ல எழுதின ஆர்?"

தகவல் தந்தவர்களின் பெயரைப் புலனாய்வுக் குழு வெளியிடக்கூடாது என்ற விதியை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். 'இவர் எங்களவர்' என்ற கடிதத்தையும் அன்றைக்கே ஒப்பமிட்டுக் கொடுத்தேன். இனி ஒரு தேசத் தலைவரும் புலனாய்வைத் துஷ்பிரயோகம் செய்யத் துணியமாட்டார் என்பதை நினைக்க நிம்மதியாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட செய்முறை இதுதான். இந்த நகரத்தில் சொந்தக்காரர் இல்லாத ஓர் அங்கத்தவரைத் தெரிவு செய்யுங்கள். அவர் செய்யாத ஒன்றைச் செய்ததாக உங்கள் கையாலேயே எழுதி, அடியில் 'உறுதிப்படவில்லை' என்று போடுங்கள். உங்கள் தலைவர் நல்லவராக இருந்தால் இரண்டு அறிக்கைகள் எழுத வேண்டியிருக்கும். நான் இரண்டு எழுதினேன்.