கொக்கியில் தொங்கிய அட்டை

இத்தாலிக்காரி ஒருத்தி திடீரென்று காபியை விட்டுவிட்டாள் என்றால், ஒன்று அவளுக்கு வயிறு சரியில்லை, இல்லையென்றால் வயிற்றில் ஓர் ஆள் இருக்கிறது. இலாரியா ஆகஸ்ட் மாதம் மூலிகைத் தேநீருக்கு மாறினாள். உலர்ந்த இறைச்சித் தட்டு வந்தால் பக்கத்து ஆளிடம் தள்ளினாள். எங்கள் ஆய்வகத்தில் இதை முதலில் கவனித்தது நான்தான். மற்றவர்கள் ஆசிலாஸ்கோப் திரையைத் தவிர எதையும் ஏறிட்டுப் பார்க்காத பிறவிகள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஓடீல் ஒரு செய்தியை வாய்க்குள் அடக்கி வைத்தாள் என்றால் அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். ஜெனீவாவுக்கு வெளியே, பூமிக்கடியில், துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் அந்தப் பெரிய கருவியின் நெஞ்சுக்குள் மின்சாரம் போக வேண்டும். அங்கே கதிர்வீச்சு மழையாகப் பெய்யும். கடையில் வாங்கும் சில்லு ஒரு வாரம் தாங்காது. தாங்குகிற சில்லு ஒன்றைப் பதினோரு வருஷம் உட்கார்ந்து வடிவமைத்தேன். நகத்தளவு இருக்கும். மேலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக் கொடுக்கும், அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் சில்லுகளை உள்ளே வைத்து மூடிவிட்டால் பத்து வருஷத்துக்குத் திறக்க முடியாது. மூடலாமா என்று முடிவு செய்யும் குழு செப்டம்பர் கடைசியில் கூடவிருந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில், ஜெனீவாவின் நோன்பு விடுமுறைக்கு மறுநாள், நான் பிளம் பழம் அடுக்கிச் சுட்ட டார்ட் கொண்டுபோனேன். நோன்பு என்று பெயர்தான், ஊரே அன்றைக்கு அதைத்தான் தின்னும். இலாரியா ஒரு துண்டை மென்றுகொண்டே கேட்டாள்.

"ஓடீல், உன் சில்லு கதிர்ல இருக்கும்போது ஒரு தடவையாவது அணைச்சுப் பாத்திருக்கியா?"

"நல்லா எரியிற அடுப்ப எதுக்கு அணைக்கணும்?"

"நான் அணைச்சேன். நாலுல ரெண்டு திரும்ப எழுந்திருக்கவே இல்ல."

எங்கள் தலைவர் ரேத்தோ மெல்லுவதை நிறுத்தினார். "சில்லு பொருத்தின நாலே நாலு பலகைய வச்சுக்கிட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கும் சாவுமணி அடிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"

"அதான் கேக்கறேன். இன்னும் நாப்பது பலகை, ரெண்டு வாரம். நான் சொல்றது தப்புன்னா அடுத்த டார்ட் நான் சுடறேன்."

"ஐயோ, அந்தத் தண்டனை எங்களுக்கா?" என்றார் ரேத்தோ. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவர் அனுமதி கொடுத்தார்.

அவள் சொன்னது சரி என்று எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். ஒருமுறை சோதனையின் நடுவே மின்சாரம் போய் வந்தபோது ஆறு சில்லுகள் செத்தன. மின்தடையால் வந்த சேதம் என்று எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் அணைக்கவில்லை.

இலாரியாவை மட்டும் நிறுத்திப் பயனில்லை, வேறொருவர் அந்தச் சோதனையைச் செய்வார். அவள் கர்ப்பத்தை ரேத்தோவின் காதில் போட்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். கோபால்ட் அறையையே மூட வேண்டியிருந்தது. அங்கேதான் பலகைகளுக்குக் கதிர் காட்டுவோம். ஒரு விபத்து நடந்தால் மூன்று மாதம் பூட்டு.

அந்த அறைக்குள் போகிறவர்கள் சட்டையில் ஓர் அட்டை குத்திக்கொள்வோம். உடம்பில் பட்ட கதிரை அது கணக்கு வைக்கும். வெளியே வந்ததும் வாசலில் உள்ள கொக்கியில் மாட்டுவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை இலாரியா பலகைகளை மாற்றிவிட்டு, அட்டையை இரண்டாவது கொக்கியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் அதை எடுத்து உள்ளே மேஜைமேல் வைத்தேன், கதவைச் சாத்தினேன், கதிரைத் திறந்தேன். தூரத்தையும் நிமிஷத்தையும் முன்பே கணக்கிட்டிருந்தேன். அட்டையில் கதிர் அளவு இருபது மில்லிசீவர்ட்டைத் தாண்டினாலே விசாரணை வரும். ஆனால் இருபது என்றால் யாராவது சந்தேகப்பட்டு மறுபடி சரிபார்ப்பார்கள். நூற்று நாற்பதைப் பார்த்தால் சரிபார்க்கத் தோன்றாது, பயந்துவிடுவார்கள். ஆகவே நூற்று நாற்பது வைத்தேன். நான்கு நிமிஷ வேலை. அட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய் சாலட் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அட்டைகளைப் படித்தார்கள். ஆள் உள்ளே இருந்தால் கதிரைத் திறக்க விடாத கதவுப் பூட்டு சரியில்லை என்று கோடையில் நானே இரண்டு முறை எழுதியிருந்தேன். அது உண்மையான புகார்தான். அவள் உள்ளே இருந்தபோது பூட்டு ஏமாற்றி, கதிர் திறந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அறையைப் பூட்டினார்கள். குழு என் பழைய அறிக்கைகளைப் படித்து, மூடலாம் என்றது.

இலாரியா என் மேஜைக்கு வந்தாள். நூறுக்கு மேல் போனால் குழந்தைக்கு எந்த உறுதியும் தர முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ரத்தத்தைச் சோதித்தால் தெரியும், ஆனால் முடிவு வர ஐந்து வாரம். கருவைக் கலைக்கச் சட்டப்படி அவளிடம் இருந்தது பத்து நாள்.

"நான் உள்ள இருந்தப்ப விளக்கு பச்சையாத்தான் இருந்துச்சு ஓடீல், கதிர் மூடித்தான் இருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு. அட்டை தப்பாக் காட்டியிருக்குமா? இருபது வருஷமா நீதானே அளக்கற. நீ சொன்னா நான் நம்பறேன்."

மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். "அட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. அட்டை நூற்று நாற்பது வாங்கியிருந்தது.

அவள் நல்ல பொறியாளர். தன் கண் ஒன்று சொல்கிறது, எண் வேறொன்று சொல்கிறது என்றால், எண்ணைத்தான் நம்புவாள். வேறு தொழிலில் இருந்திருந்தால் ஒருவேளை அடம்பிடித்திருப்பாள். அடுத்த வாரம் நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். கணவர்தான் காரில் அழைத்துப் போனார், ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பி வந்த அன்று காபி குடித்தாள். இரண்டு கோப்பை, ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் ரத்தத்தில் கதிரின் அடையாளமே இல்லை என்று இப்போது அறிக்கை வந்திருக்கிறது, அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் யார் மேலும் கதிரைப் பாய்ச்சவில்லை. ஆளில்லாத அறையில் ஓர் அட்டையை வைத்தேன், அவ்வளவுதான். என் சில்லுகள் கீழே இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. மின்சாரத்தை மட்டும் அணைக்க வேண்டாம் என்று ரேத்தோவிடம் சொல்லிவிடுங்கள்.

இலாரியாவிடமும் சொல்லுங்கள். அந்தக் குழந்தைமேல் ஒரு துளி கதிரும் படவில்லை. கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.