மிதிச்சா இழுக்கல

— இனிமே என்னால முடியாதுடா. உங்கப்பா இன்னிக்கும் வர்றாரு, காலைலயே போன் பண்ணிட்டாரு. ஷெட்ல நின்னு அவர் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்றவன் நான். எங்கயோ உக்காந்து போன்ல ஆர்டர் போடறவன் நீ.

— ஆர்டரா? கெஞ்சிக் கேட்டேன்டா. புரிஞ்சுக்கோ. எழுபது தாண்டின மனுஷன், அந்தப் பழைய டர்போ வண்டியில ஏறிட்டா இன்னும் வாலிபன்னு நெனப்பு. மலை ரோட்ல அவர் பறக்கறதை நீ பாத்ததில்ல.

— அதான் எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ற அந்த டர்போவோட திருகைத் தளர்த்தச் சொன்ன, தளர்த்தியாச்சு. முன்ன இருந்த பவர்ல பாதிகூட வரல. இப்ப அவர் என்ன பண்றாரு தெரியுமா? காணாமப் போன இழுவையைத் தேடிக்கிட்டிருக்காரு. பிளக் மாத்தினாரு, ஏர் ஃபில்டர் மாத்தினாரு, காத்து போற ஹோஸ் அத்தனையும் புதுசு. எல்லாத்தையும் நான்தான்டா மாட்டினேன். எதுவும் பிரயோஜனப்படாதுன்னு தெரிஞ்சே மாட்டினேன்.

— வண்டிக்கு நல்லதுதானே, விடு.

— உனக்கென்ன, ஈஸியா சொல்லிட்ட. உங்க வீட்டுச் சோத்தைத் தின்னு வளந்தவன்டா நான். உங்கப்பாவை அப்பான்னு கூப்பிட்டுத்தான் பழக்கம்.

— அப்பா உசுரோட பத்திரமா இருக்காரா இல்லையா, அதை மட்டும் யோசி. வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பு. அலுத்துப் போய் அவரே வித்துடுவாரு. புரிஞ்சுக்கோடா.

— சரி வெச்சுடு, அவர் வந்துட்டாரு. வாங்கப்பா, உக்காருங்க. வண்டியை ஏன் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டீங்க?

— அது கிடக்கட்டும். நான் சொல்றதைக் கேளு தம்பி. நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். இதைவிடப் பெரிய டர்போவா மாட்டினா பவர் பிச்சுக்கிட்டு வருமாமே?

— வரும்பா. எஞ்சினும் பிச்சுக்கிட்டுப் போயிடும். பழைய வண்டிக்கு அப்படிப் பேராசைப்படக் கூடாது. எஞ்சின் உள்ள நல்லாருக்கணும், ஆயில் சுத்தமா இருக்கணும், காத்து எங்கயும் ஒழுகக் கூடாது, சூடு தங்கக் கூடாது. இதெல்லாம் சரியா இருந்தாத்தான் டர்போ அழுத்தத்தைக் கொஞ்சூண்டு ஏத்தலாம். அதுவும் பெட்ரோல் பத்துமான்னு பாத்துப் பாத்து. அப்பத்தான் பவரும் வரும், வண்டியும் காலத்துக்கும் ஓடும்.

— எல்லாம்தான் பண்ணியாச்சே. உள்ள நல்லாருக்குன்னு நீயே பாத்துச் சொன்ன. அந்தக் கொஞ்சூண்டை ஏத்திக் கொடேன்.

— ஏத்தலாம்பா. இப்ப என்ன அவ்வளவு அவசரம்?

— எனக்குத் தெரியும்டா. என் மனசு நோகக் கூடாதுன்னு எதையோ மறைக்கற. டர்போவைக் கெடுத்தது நான்தான். மலை ஏறி வந்த சூட்டோட, கொஞ்ச நேரம் ஓட விடாம, சட்டுனு அணைச்சிடுவேன். அப்படி அணைக்காதீங்கன்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்ட. நான் கேட்டேனா?

— அது இல்லப்பா.

— வேற என்ன? இருபது வருஷம் நம்மளைச் சுமந்த வண்டி. என் கையாலயே அதைச் சாகடிச்சிட்டேனேன்னு ரெண்டு வாய் சோறு இறங்க மாட்டேங்குது.

— நீங்க ஒண்ணும் சாகடிக்கல. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?

— அது கிடக்கட்டும். அவசரம் என்னன்னு கேட்டல்ல, சொல்றேன். போன வாரம் மலை ரோட்ல முன்னாடி ஒரு மணல் லாரி, ஊர்ந்துக்கிட்டுப் போகுது. எதிர்ல காலியா இருக்குன்னு தாண்ட எடுத்தாச்சு. பாதி தாண்டறப்ப வளைவுல இருந்து ஒரு பஸ். மிதிச்சா இழுக்கல தம்பி. அந்த இடத்துல பின்னாலேருந்து ஒரு தள்ளு தள்ளுமே, அது வரல. லாரிக்குப் பக்கத்துலயே அப்படியே நிக்கற மாதிரி இருந்துச்சு. பஸ்காரன் பள்ளத்து ஓரமா மண்ணுல இறக்கினானோ, பொழச்சோமோ. பஸ்ஸு முழுக்க ஜனம்.



— அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

— என்னடா பேச்சு இது. சொல்லு.

— டர்போ நல்லாத்தான் இருக்கு. அழுத்தத்தைக் குறைச்சு வெச்சது நான். உங்க பையன்தான் கேட்டான். நீங்க வேகமாப் போறீங்க, பயமா இருக்கு, உங்களுக்குத் தெரியாம குறைச்சுடுன்னான். நல்லதுக்குத்தானேன்னு செஞ்சுட்டேன். தாண்டும்போது இழுக்கலன்னா என்ன ஆகும்னு நான்ல யோசிச்சிருக்கணும்? எனக்குத் தொழிலே அதுதானே. சத்தியமா என் புத்திக்கு எட்டலப்பா.

— அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்ல?

— கல்லு மாதிரி இருக்கு. இப்பவே பழையபடி வெச்சுத் தர்றேன்.

— எப்பலேருந்துடா இது?

— மழை முடிஞ்சு சர்வீஸுக்கு விட்டீங்களே, அப்ப. அவனைத் திட்டாதீங்கப்பா. உங்க மேல அவ்வளவு பாசம் அவனுக்கு. நீங்க மலை ஏறினா அவனுக்கு அங்க வேலை ஓட மாட்டேங்குது. இனிமே நிதானமா ஓட்டறேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க, போதும்.

— நான் எங்க ஓட்டறேன்? மழைக்கு முன்னாடியே விட்டாச்சு.

— என்னப்பா சொல்றீங்க?

— கண்ணு போயிட்டிருக்கு தம்பி. போன பார்வை திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பையனுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு சொல்லல. அம்மா என்னைக்கோ எடுத்த லைசென்ஸு பீரோவுல கிடந்துச்சு. அதைத் தூசி தட்டி, மறுபடி பழகி, மலை மேல ஆஸ்பத்திரிக்கு அவதான் என்னைக் கூட்டிட்டுப் போறா. உன் ஷெட்டுக்கு மட்டும் அவளைத் தெரு முனையில இறக்கி விட்டுட்டு, நானே மெதுவா உள்ள கொண்டாந்துடுவேன்.

— அப்ப அன்னிக்கு லாரியைத் தாண்டினது...

— அவதான். பின்னாலயே போயிடலாங்கன்னு சொன்னா. எல்லாம் புதுசா மாத்தியாச்சு, இப்ப நம்ம வண்டி இழுக்கும், பயப்படாம தாண்டுன்னு சொன்னவன் நான். இழுக்கலன்னதும், தனக்கு மிதிக்கத் தெரியல, புருஷனையே கொல்லப் பாத்தேன்னு அன்னிலேருந்து அழுதுக்கிட்டிருக்கா. இன்னிக்குக் கையைக் காலைப் புடிச்சு இங்க வரைக்கும் ஓட்டிட்டு வர வெச்சேன். இறங்க மாட்டேன்னு உள்ளயே உக்காந்திருக்கா. திருகைப் பொறவு பாத்துக்கலாம். முதல்ல வெளிய போய், குத்தம் அவ கால்ல இல்லன்னு நீயே உன் வாயால சொல்லு.