மச்சானின் கன அளவு

இன்ஸ்பெக்டர் ஐயா, எங்கள் மச்சானுக்கு மோரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் கரைத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பெயர் தங்கராசு. முப்பத்தொரு வருடம் சர்க்கார் மரக்கிடங்கில் மரம் அளந்தேன். ஓய்வுக்குப் பிறகு, இங்கே விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கும் செராமிக் பட்டறையில் காவல் வேலை. மச்சான் மாணிக்கவேல் என் மனைவி விருத்தாம்பாளின் அண்ணன். துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதியவர். நல்ல மனிதர். பெருத்த மனிதர்.

இந்தச் சித்திரையில் எங்கள் தெரு மாரியம்மனுக்குப் புதுத்தேர் செய்ய முடிவானது. மரம் லாரியில் வந்திறங்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்த நாடாவால் ஒருவர் அளந்து வாங்க வேண்டும். அந்த நாடா என் கைக்குத்தான் வரும் என்று ஊரே பேசிக்கொண்டது. எனக்கு அதில் ஆசை கிடையாது. சும்மா சொல்கிறேன்.

எவ்வளவு மரம் வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் கமிட்டித் தலைவர் ராஜாங்கம் கேட்டார். பன்னிரண்டு டன் என்றேன். பதினைந்து டன் என்றார் மச்சான். இரண்டும் ஒன்றுதான் ஐயா. காட்டு டன்னுக்கு ஐம்பது கன அடி, கப்பல் டன்னுக்கு நாற்பது. எப்படிப் பெருக்கினாலும் அறுநூறு கன அடி. இதை நான் பொறுமையாக மூன்று முறை விளக்கினேன். கூட்டத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் மச்சான் வாயைத் திறந்தார். “டன்ன வுடுங்க. இவங்க உருட்டு மரத்த அளந்தா அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போயிடும். மாப்ள முப்பத்தோரு வருசமா அத முழுங்கிட்டுதான் குந்திக்கினு இருந்தாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாங்கம் நாடாவை மச்சான் கையில் கொடுத்தார். மறுநாள் டீக்கடையில் என்னை ‘அஞ்சுல ஒண்ணு’ என்று கூப்பிட்டார்கள். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன். இருக்கட்டும். எனக்குக் கோபமே வரவில்லை.

எங்கள் முறை எளிது. மரத்தின் நடுச்சுற்றில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவோம். மச்சான் முறை வேறு. தண்ணீரில் முக்கு, வழிந்ததை அள, அதுதான் மெய்யான அளவு என்பார். ஒரே உருப்படியை இரண்டு முறையிலும் அளந்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. உருப்படி உருண்டையாக இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். வீட்டிலேயே ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. மச்சானைக் கறிச்சோறு சாப்பிட அங்கே அழைத்தேன். மோரில் விருத்தாம்பாளின் தூக்க மாத்திரை இரண்டு. பெருங்காயம் அதற்கும் உதவியது. ஒற்றை ஆளாகக் கயிறும் கப்பியும் வைத்து மரம் ஏற்றிய கை இது. சிரமமே இல்லை.

நீளம் ஐந்தரை அடி, நடுச்சுற்று நாற்பத்து நான்கு அங்குலம். எங்கள் முறைப்படி நாலரைக் கன அடிக்கு மேல். இலாகா விதிப்படி உள்ளங்காலில் சிவப்புப் பெயிண்டால் எண் ஒன்று என்று எழுதினேன். மரப்பட்டைக்குக் கழிப்பதுபோல வேட்டி சட்டைக்குப் பட்டைக் கழிவு கொடுத்தேன்.

பிறகு தொட்டியில் இறக்கினேன். பட்டறையில் விளிம்பு வரை நிறைந்திருந்தது பொம்மை வார்க்கிற வெள்ளைக் களிமண் கூழ்த் தொட்டி மட்டும்தான். கூழ் கெட்டி, ஆள் மிதந்தார். கழுத்து வரை அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. தலையை முக்கவில்லை. நான் கொலைகாரன் இல்லை. தலைக்குப் பொந்துக் கழிவு என்று எழுதிக்கொண்டேன்.

வழிந்தது பதினெட்டு லிட்டர் டின்னில் ஐந்து. மூன்றே கால் கன அடிகூடத் தேறவில்லை. பார்த்தீர்களா? என் முறையில்தான் அளவு கூடுதல். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு துண்டு மரம்கூட முழுங்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் ஐயா.

ஆனால் ஈர மரத்தின் அளவு செல்லாது. உலர்த்தித்தான் இறுதிக் கணக்கு எழுத வேண்டும். அதனால் மச்சானைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சூளை வாசலுக்குக் கொண்டுபோனேன். விறகு அடுக்கியிருந்தேன். தீப்பெட்டி பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

கறிச்சோற்றுக் கேரியரை வாங்கிப்போக வந்த விருத்தாம்பாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேலெல்லாம் வெள்ளையாக, வெடிப்பு விட்டு, மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கால் வெடிப்பில் தெரிந்த சிவப்பு எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, அது கட்ட இல்லீங்க,” என்றாள். “எங்கண்ணன்.”

அவள் சொன்னது சரிதான். அளக்கிற வேகத்தில் அது நினைவில் இல்லை. செய்தது அத்தனையும் நான்தான். கணக்குக்காகச் செய்தேன், பொறாமையால் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மச்சான் இடுப்பிலிருந்து நான் எடுத்த மஞ்சள் நாடாவை ஏட்டு வாங்கி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தேர் மரம் லாரியில் வருகிறது. அதற்குள் கிடைத்தால் நல்லது.