தங்கையின் அஞ்சல் பெட்டி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, என் தங்கை, அவள் கணவரான வக்கீல், கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். மழை பெய்ததால் துவைத்த துணியெல்லாம் நாற்காலிகளின் மேல் காய்ந்தது. டெக்னீஷியன் நின்றுகொண்டே பேச வேண்டியதாயிற்று.

அப்பா தொடங்கிய லாரி கம்பெனி எங்களுடையது. குடும்பத்தார் எல்லோருக்கும் மின்னஞ்சல் கம்பெனி பெயரில்தான். எல்லாம் பின்னறையில் இருக்கும் ஓர் இயந்திரத்துக்கு வந்து சேரும். அதன் எஜமான் நான். மற்றவர்கள் படத்தைப் பார்த்து அழுத்தத் தெரிந்தவர்கள். நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்குபவன். "அப்படி என்னத்ததான் தட்டுறீங்க? ஒரு பாட்டாவது பாடுதா அது?" என்பாள் மனைவி. அதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய எங்கள் லாரி கவிழ்ந்து ஆள் செத்த வழக்கில், சாட்சிக் கூண்டேறி அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன் என் தம்பி. அவன் சொன்னது உண்மைதான். உண்மையை வழியில் போகிறவனும் சொல்வான். அதற்கு ஒரு மகன் எதற்கு? அவன் வெளிநாடு போனதும் வீட்டில் எல்லோருடைய தொலைபேசி எண்களையும் மாற்றினேன். தங்கை கம்பெனியில் பில் போடுகிறாள். வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள் என்று அவள் மின்னஞ்சல் முகவரியை மட்டும் விட்டுவைத்தேன்.

அந்த முகவரிக்கு அவன் எழுத ஆரம்பித்தான். அவள் வேலைக்கு வருமுன் நான் அவள் பெட்டியைத் திறந்து, அவன் பெயரைக் கொடுத்து 'டி' தட்டுவேன். உடனே எதுவும் அழியாது. அழிக்க வேண்டியது என்று அடையாளம் மட்டும் விழும். 'எக்ஸ்' தட்டி வெளியேறினால் எல்லாம் பழையபடி இருக்கும். 'க்யூ' தட்டினால்தான் போகும். யோசித்துச் செய்கிறவர்களுக்காக அமைந்த முறை அது. நான் யோசித்துத்தான் 'க்யூ' தட்டினேன்.

"தம்பி ஏதாச்சும் எழுதினானாண்ணா?" என்று தங்கை கேட்பாள்.

"அவனுக்கு நம்ம ஞாபகம் எங்க வரப்போகுது?"

நம்பிவிடுவாள். ஒரு வக்கீலை நம்பிக் கட்டிக்கொண்டவள்.

நான் தேடியது அவன் பெயரை மட்டும். அதுதான் நான் செய்த ஒரே பிழை. அவன் இறந்ததும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் பெயரில் எழுதிவிட்டாள். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ரகம். ரத்தப் புற்றுநோயாம். உடன்பிறந்தவளின் எலும்பு மஜ்ஜை பொருந்தியிருக்கலாமாம். அக்காவின் பதிலுக்குக் கடைசிவரை காத்திருந்தானாம்.

தங்கை டெக்னீஷியனைக் கூட்டிவந்தது அதனால்தான்.

"சார், அக்கா பெட்டியைத் தினமும் நீங்கதான் திறந்திருக்கீங்க. தட்டின கட்டளையெல்லாம் மெஷின்ல அப்படியே இருக்கு" என்றான். இருக்கும். ஒளித்துச் செய்கிற காரியமாக அது எனக்குத் தோன்றவேயில்லை.

"மச்சான், வாயைத் திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல்.

"நீங்க பாத்துக்கிட்ட கேஸ்லதான் அப்பா உள்ள போனாரு, மாப்பிள்ளை."

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் எழுதினானா?"

"எழுதினான்."

"அழிச்சியா?"

"அழிச்சேன்."

அவள் அழவில்லை. அண்ணா என்று கூப்பிடவும் இல்லை. "எனக்கு ஒரு ஊசி குத்தற வலி. அவ்வளவுதானே" என்று மட்டும் சொன்னாள். இந்த வீட்டுப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்து அவனுக்குக் கொடுப்பதா என்று நான் கேட்டேன். என் மனைவி நாற்காலிகளின் மேலிருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

என்ன நோய் என்றே தெரியாமல், கோபத்தில் படிக்காமலே அழித்துவிட்டேன் என்று உறவுக்காரர்கள் எனக்காகப் பரிந்து பேசுகிறார்களாம். அது தவறு. ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். 'மஜ்ஜை' என்ற சொல்லுக்கு அவன் ஒருமுறைகூட ஒற்றுப் போடவில்லை.