நாற்பத்தோரு புதன்கிழமைகள்

– இன்னும் கொஞ்சம் மடக்குங்க அக்கா. வலிக்குதா?

– வலிச்சாத்தான் நல்லதுன்னு டாக்டர் சொல்றார். எங்க வலிக்குது? மரக்கட்டை மாதிரி கிடக்கு.

– கட்டைவிரல்?

– துரை வந்திருக்கீங்களேன்னு ஒரு மரியாதைக்குக்கூட அசைய மாட்டேங்குது.

– சரியா சொல்லணும்னா, போன வாரம் கால் அங்குலம் அசைஞ்சுதுன்னு எழுதியிருக்கேன்.

– அது நான் இடது கையால நைசா தள்ளிவிட்டது. நீ அவ்வளவு ஆசையா பாத்தியா, மனசு கேக்கல.

– ஐயோ அக்கா! இப்ப அதை அழிக்கணுமே.

– அழிச்சுக்கோ. பென்சில்லதானே எழுதுவ? ஜெபக்குழு நோட்டுல ஸ்கேல் வெச்சு நாலு கட்டம் போட்ட ஒரே ஆள் நீதான். பேர், வேண்டுதல், தேதி, பதில். ஆண்டவருக்கே வீட்டுப்பாடம் கொடுத்திருக்க.

– அந்த நோட்டைப் பத்திதான் பேச வந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை பாஸ்டர்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டு, குழுவை விட்டும் நின்னுடப் போறேன்.

– ஏன், பக்கம் தீந்துபோச்சா?

– நான் தீந்துபோயிட்டேன் அக்கா.

– என்னடா பேச்சு இது? அந்த மெஷினை ஓரமாத் தள்ளிட்டு முதல்ல உட்காரு. அதுல யாரும் இப்ப தைக்கப்போறதில்ல. சொல்லு.

– முதல் பக்கத்துல முதல் வரி உங்களோடதுதான். 'ஸ்ட்ரோக் வந்த வலது கை சரியாகி, மறுபடி தைக்கணும்.' நாப்பத்தோரு புதன்கிழமை வந்துட்டேன். பதில் கட்டம் காலியாவே இருக்கு. இப்பல்லாம் கண்ணை மூடினா, சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு.

– எத்தனை நாளா இப்படி?

– சரியா சொல்லணும்னா, பதினெட்டாவது வாரத்துலேருந்து.

– அடப்பாவி! அதுக்கப்புறமும் இருபது வாரத்துக்கு மேல என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணியே?

– உங்களுக்காகத்தான். நான் முடிச்சதும் நீங்க ஒரு ஆமென் சொல்வீங்களே, கீழ் வீடு வரைக்கும் கேக்கும். இவ்வளவு உறுதியா இருக்கிறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? நடிச்சேன். தப்புதான். மன்னிச்சிடுங்க.

– இரு இரு... கொஞ்சம் தண்ணி எடு. சிரிச்சு சிரிச்சு வயிறு பிடிச்சுக்குச்சு.

– நான் அழாத குறையா சொல்றேன், நீங்க சிரிக்கிறீங்க.

– கோவிச்சுக்காத. நான் ஒண்ணு சொல்றேன், அதை நோட்டுல எழுதிடக்கூடாது.

– எழுதல.

– எனக்கு அது மூணாவது மாசமே போயிடுச்சு.

– எது?

– நம்பிக்கைதான், வேறென்ன? தைக்கிறவகிட்டேருந்து கையைப் பிடுங்கிக்கிட்டா, அப்புறம் என்னத்த பேசறது உங்கூடன்னு ஒருநாள் ஆண்டவர்கிட்ட நல்லா கத்திட்டேன். அன்னிக்குப் பேச்சை நிறுத்தினதுதான்.

– அப்ப அந்த ஆமென்?

– எல்லாம் உனக்காக. வேலை முடிஞ்சு, வகுப்புக்கு ஓடறதுக்கு முன்னாடி, மூணு மாடி ஏறி வேர்த்து வடிய வந்து நிப்ப. படிக்கிற புள்ள, இவ்வளவு பக்தியா வருதே, நாம எதையாவது சொல்லிக் கெடுத்துடக் கூடாதுன்னுதான் தொண்டை கிழியச் சொன்னேன்.

– அந்த மழை புதன்கிழமை ஞாபகம் இருக்கா? வர முடியாதுன்னு போன்ல சொல்லிட்டேன்.

– சொல்லிட்டு நனைஞ்சுக்கிட்டு வந்து நின்னியே.

– பாதி வழி வீட்டுக்குப் போனவன் திரும்பி வந்தேன். ஆனா நீங்க கதவைத் திறந்து வெச்சிருந்தீங்க.

– எதுக்குத் திரும்பின?

– தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. நீங்க எதுக்குத் திறந்து வெச்சீங்க?

– வர மாட்டேன்னு சொன்னவனுக்குக் கதவை எதுக்குத் திறப்பாங்க? எனக்கும் தெரியல.

– நல்லா இருக்கு அக்கா. நீங்க எனக்காக நடிச்சீங்க, நான் உங்களுக்காக நடிச்சேன். ரெண்டு பேருமே நம்பல.

– ஆமா, நம்பல. ஆனா ஒரு வாரம்கூட விடாம நம்ம ரெண்டு பேரையும் பிடிச்சு இந்த ரூம்ல எதிரும் புதிருமா உட்கார வெச்சது யாருடா?