சாவடிமுக்கு விளக்கு

சாரல் காலத்தில் வடை சீக்கிரம் நமத்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. சூட்டோடு சாப்பிடுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் பஞ்சாயத்து போர்டில் நான் ஹெட் கிளார்க். ஆடி பிறந்தால் சிப்பந்திகளுக்கு வருஷ இன்க்ரிமெண்ட் போட வேண்டும். கையெழுத்து பிரசிடெண்டுடையது, யாருக்கு என்று சிபாரிசு செய்வது நான். அந்த மாதம் எனக்கு வணக்கம் அதிகம். புளியங்குடி எலுமிச்சம்பழம் வீடு தேடி வரும். ஊறுகாய் போட்டு மாளவில்லை என்று என் சம்சாரம் சடைத்துக்கொள்வாள்.

பழத்துக்கு நான் ஆசைப்பட்டவன் இல்லை. சம்பளம் ஏறினால் மனுஷனுக்குப் பணிவு இறங்கிவிடும். அவர்கள் நன்மைக்காகத்தான் பலருக்கு நிறுத்திவைத்தேன். ஒருவன் வெற்றிலை மென்றபடி பேசினான். இன்னொருவனுக்குச் செருப்புச் சத்தம் ஜாஸ்தி.

தெருவிளக்கு ஏற்றுகிற ஆதம் மட்டும் என்னைத் தேடி வந்ததே இல்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

“என்னத்துக்கு அண்ணாச்சி வரணும்? வெளக்கு எரியுதான்னு பாத்துட்டு எழுதுங்க,” என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் உறுத்தியது.

இந்த வருஷம் பிரசிடெண்ட் சுந்தரபாண்டியன், “ஓய், ஆதம் மேல ஒரு குறையும் இல்லையே. அவனுக்குப் போட்டிரும்,” என்றார். குறையில்லாத மனிதன் உண்டா ஐயா? கொஞ்சம் ஒத்தாசை செய்தால் எவனிடமும் ஒரு குறை கிடைக்கும்.

அன்று அந்தி மயங்கியதும் ஆதம் சாவடிமுக்கில் விளக்கேற்றிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். நான் குடைக்கம்பால் விளக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டேன். அணைத்தது காற்றுதான். ஆனால் காற்று வெறும் பியூன், உத்தரவு என்னுடையது. எதிர்க்கடை யாக்கூப் என் குடையைப் பார்த்ததாகச் சொன்னது மெய்.

அந்த முக்கில் சாக்கடைக்கு மூடுகல் இல்லை. ரிப்பேருக்காக எடுத்திருந்தோம். கடைத் தாழ்வாரத்தில் நான் ஒதுங்கி நிற்கையில், போர்டு மருத்துவச்சி ஆவுடைத்தாய் பிரசவம் பார்க்க ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இருட்டில் உமக்கு இங்கே என்ன சோலி என்று கேட்பாளே. அவள் விழுகிற சத்தம் கேட்டபிறகு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். தொடையெலும்பு முறிவு.

“ஆதம் வெளக்க அணையவிடமாட்டான், அண்ணாச்சி. யாரோ பாவி கதவத் தொறந்துவிட்டிருக்கான்,” என்றாள்.

“யாரையும் ஏசாத தாயி,” என்று சமாதானம் சொன்னேன்.

அவள் இல்லாமலே பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆகவே பெரிய நஷ்டம் என்று சொல்வதற்கில்லை. ஆதமை வேலையிலிருந்து நீக்கினோம். தாங்கள் அவனை அடித்து விசாரித்ததாகக் கேள்வி, வீண் சிரமம். ஆவுடைத்தாய் பேரையும் சிபாரிசிலிருந்து எடுத்துவிட்டேன். வேலைக்கு வராதவளுக்கு எப்படி எழுதுவது? விதி எல்லோருக்கும் ஒன்று.

இவ்வளவுதான். எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். என்னைச் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டால் உபகாரமாக இருக்கும். ஆதம் இடத்துக்கு இசக்கியப்பன் என்று ஒருவன் வந்திருக்கிறான். அவனும் ஒரு குறையில்லாமல் வேலை செய்கிறான். அதுதான் எனக்குக் கவலை.